பூட்டிய காம்பராக்களில் ஒலித்த மணி

மடுல்கெல்லவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில், குழந்தைகள் உட்காரும் குட்டிக் கதிரைகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல வாசலில் மூடுபனி நின்றது. மண்சரிவு வந்தால் ஓடும் தோட்டத்தின் தொண்டர் மீட்புக் குழுவைக் கலைத்து, குண்டசாலையில் அமையவிருக்கும் ஒரே மையத்தோடு சேர்ப்பதா இல்லையா என்று அன்று பிற்பகல் முடிவெடுக்க வேண்டும். அந்தத் திட்டத்தை எழுதியவன் நான். பதினொரு பக்கம். எழுதிய நாட்களில் சாப்பிட்டேனா என்பதே ஞாபகமில்லை.

"மழை கூடினா மையத்துல இருந்து ஒரே நேரத்துல எல்லாருக்கும் கோல் வரும்" என்றேன்.

"அப்ப கயிறு, ஸ்ட்ரெச்சர் எல்லாம்?" த்ரீவீல் ஓட்டும் குழுத் தலைவர் கேட்டார்.

"மையத்துக்கு வந்துரும் அண்ணே. பத்திரமா இருக்கும்."

"கயிறு பத்திரமா இருக்கும். நாங்க?"

பின்வரிசை சிரித்தது. நான் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அப்போதுதான், வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா எழுந்தார். குழுவில் மழை பார்ப்பவர் அவர். வெட்டிய பிளாஸ்டிக் போத்தலில் சிவப்புக் கோடு போட்டு முற்றத்தில் வைத்திருக்கிறார். தண்ணீர் கோட்டைத் தாண்டினால் பக்கத்துக் காம்பராச் சுவரில் மூன்று தட்டு. அவர்கள் அடுத்த சுவரில். அப்படியே லயம் முழுக்கப் போகும்.

"எங்களுக்குச் செவுரு போதும் தம்பி. மலையில கொழுந்தெடுக்கிறப்பன்னா நிரைக்கு நிரை கூப்பாடு போடுவோம்."

"செவுத்த விட போன் வேகம் அக்கா. இப்பவே காட்டுறேன் பாருங்க!"

பட்டியலில் இருந்த எல்லா எண்களுக்கும் ஒரே அழுத்தில் அழைப்பை அனுப்பினேன்.

மடுவத்துக்குள் ஒரு போனும் அடிக்கவில்லை. கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். கூடைகள்கூட வாசலில்தான் கிடந்தன. ஒரு கணம் கழித்துப் பனிக்கு அப்பாலிருந்து, பூட்டிக் கிடந்த காம்பராக்களுக்குள்ளிருந்து மணிகள் எழும்பின. ஒன்றில் முருகன் பாட்டு, ஒன்றில் குத்துப் பாட்டு, ஒன்றில் ஒரு குழந்தையின் சிரிப்பு. ஆளில்லாத லயம் தூக்கத்தில் பேசுவதுபோல இருந்தது. என் திரையில் எல்லாப் பெயருக்கும் பக்கத்தில், அழைப்பு போய்ச் சேர்ந்ததென்று பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"மலைக்கு யாரு போன் கொண்டு போறது?" என்றார் அக்கா. "நனைஞ்சா ஒங்க மையமா வாங்கித் தரும்?"

இந்த முறை நானும் சிரித்துவிட்டேன். ஆனாலும் விடவில்லை. "சரி, எல்லாரும் காம்பராவுல இருக்கிறப்பவாவது..."

"வாங்க, வந்து கேட்டுப் பாருங்க."

கூட்டம் கலைந்து அவரவர் காம்பராவுக்குப் போனார்கள். என்னை அக்கா தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். சுவரில் காதை வைக்கச் சொல்லி, முட்டியால் மூன்று முறை தட்டினார். சத்தம் அடுத்த சுவருக்குப் போனது, அதற்கடுத்த சுவருக்கும். மெலிந்து மெலிந்து காணாமற்போனது.

"முடிஞ்சுதா அக்கா?"

"இருங்க. அங்கிட்டுக் கடைசியில இருந்து திரும்பி வரணும். வராட்டி யாரோ எந்திரிக்கல. போய்த் தூக்கணும்."

பதினொரு பக்கத்தில் எங்குமே நான் திரும்பி வருவதைப் பற்றி எழுதியிருக்கவில்லை. சுவர் குளிர்ந்திருந்தது. காதுக்குள் என் இரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தச் சுவருக்குள் நானும் கரைந்துபோனதுபோல இருந்தது. பிறகு வெகுதூரத்தில் ஒரு தட்டு. அப்புறம் கொஞ்சம் கிட்ட. கடைசியில் என் கன்னத்துக்கு நேராக, அந்தப் பக்கமிருந்து ஒரு கை, மூன்று முறை.

எல்லாரும் மறுபடி முற்றத்தில் கூடியதும் தலைவர் கை தூக்கச் சொன்னார். கலைக்க வேண்டாம் என்று எல்லாக் கைகளும் எழும்பின. எனக்கு வாக்கு இல்லை, ஆனாலும் தூக்கினேன்.

"நீங்களே எழுதிருங்க தம்பி, மையத்துக்கு" என்றார் அவர். "ஒங்க கையெழுத்துதான் வடிவு."

மேசை இல்லை. அக்கா வீட்டுக்குள் போய்க் காகிதத்தை அந்தச் சுவரிலேயே வைத்து எழுதினேன்: குழு இங்கேயே இருக்கும், கயிறும் இங்கேயே இருக்கும். எழுத்தெல்லாம் கோணல்.