குலவை போட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

வீட்டுக்காரர் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. எனக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில். வாரத்தில் ஆறு நாள் மிஷின் இரைச்சலில் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் ஆகாது. அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தால்கூடத் தூக்கிவாரிப்போடும்.

அப்படி ஒரு ஞாயிறு, காய் வாங்கிவிட்டு வரும் வழியில் மைதானத்தில் பெண்கள் கபடி நடந்தது. எங்கள் ஊர் அணியோடு மதுரை அணி. மதுரைக்காரர்கள் வேன் நிறைய ஆளும் மேளமுமாக வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஏழெட்டுப் பேர், அவர்களும் செல்போனைப் பார்த்தபடி. எதிரணிக் கட்டத்துக்குள் கபடி பாடிப்போன எங்கள் பிள்ளை ஒருத்தியை நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். மேளம் அதிர்ந்தது. அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தாள். யாரும் கைதட்டவில்லை.

அடுத்து அவள் பாடிப்போய்ப் புள்ளியோடு திரும்பியபோது என்னையறியாமல் குலவை போட்டுவிட்டேன். அவர் போன பிறகு எந்த விசேஷ வீட்டிலும் என்னைக் குலவைக்குக் கூப்பிட்டதில்லை. என் சத்தம் எனக்கே வேற்றாள் சத்தமாகக் கேட்டது. அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் அது தொடர் போட்டி, இன்னும் சில ஞாயிறு ஆட்டம் பாக்கி இருந்தது.

மறுநாள் பிரஸ்ஸில் கழித்துப்போட்ட மஞ்சள் தாளைக் கேட்டு வாங்கி, தோரணமாக வெட்டினேன். அணியின் பனியன் மஞ்சள்.

“ஒங்க சொந்தக்காரப் பிள்ளையா ஆடுது?” என்று கூட வேலை பார்க்கிறவள் கேட்டாள்.

“இல்ல.”

“பெறகு என்னத்துக்குக்கா இம்புட்டுப் பாடு?”

“ஒருவாட்டி வந்துதான் பாரேன்.”

வந்தாள். அடுத்த வாரம், விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் தன் தங்கையையும் கூட்டிவந்தாள். தங்கை தன் கம்பெனிப் பெண்களைத் திரட்டினாள். பாடிப்போகும்போது மூன்று கைதட்டு, புள்ளி எடுத்தால் குலவை என்று பேசிவைத்துக்கொண்டோம். நாற்பது பெண்கள் சேர்ந்து குலவை போட்டதில் வெளியூர் அணிக்காரிகள் மிரண்டே போனார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு பேனர், மேளம், மைக் எல்லாம் வந்துவிட்டது. கூட்டத்தில் எனக்குப் பின்வரிசையில்தான் நிற்க இடம் கிடைத்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தோம். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசலாமென்று நின்றேன். அவளைச் சுற்றி அம்மா, அப்பா, சித்தி என்று அவ்வளவு சொந்தம். நகர்ந்துகொண்டேன். கூட வந்தவர்கள் “வாரோம்க்கா” என்று வேன் ஏறினார்கள். கையசைத்தேன். வீட்டுக்கு வந்து காலைக் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பிரஸ் வாசலில் வாட்ச்மேன், “சாப்பிட்டீகளா?” என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. முந்தின நாள் குலவை போட்டதில் தொண்டை அடியோடு கட்டியிருந்தது. மைதானத்தை விட்டு வந்ததிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.