கேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே

என் சித்தப்பாவிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. யார் கிடைத்தாலும் எங்கள் ஊரின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஆவடிக்கு மேற்கே, ஒரு பக்கம் தண்டவாளமும் மறுபக்கம் கூவமுமாக, நடுவில் சிக்கிக்கொண்ட சின்ன ஊர். அதற்கு அவ்வளவு வரலாறு இருக்கும் என்று அவரைத் தவிர யாரும் நம்பவில்லை.

சித்திக்கு வலி எடுத்த அன்று நல்ல மழை. அம்மா வேலைக்குப் போய்விட்டதால், நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏற வேண்டியதாயிற்று. ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று நகரும் எண்ணமே இல்லாமல் குறுக்கே நின்றது.

"ஆத்துப் பக்கமா திருப்புப்பா," என்றார் சித்தப்பா.

"தரைப்பாலம் முழுகிக் கீது சார். இப்பதான் பாத்துகினு வரேன்," என்றார் ஆட்டோக்காரர்.

உடனே சித்தப்பா தொடங்கிவிட்டார். ரயில்பாதை போட்ட காலத்தில் ஜல்லி ஏற்றிவந்த மாட்டுவண்டிகள் வெள்ளம் வடியட்டும் என்று ஆற்றங்கரையில் நின்றனவாம். வண்டிக்காரர்கள் அங்கேயே குடிசை போட்டார்களாம். "இந்த ஊரே காத்துக் கெடந்து உண்டானதுதான்," என்றார்.

சித்தி என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தாள். "வரலாறெல்லாம் போதும். மொதல்ல போய்க் கேட்டைத் திறக்கச் சொல்லுங்க."

மழையில் ஓடினார். "சிக்னல் விழலையாம்," என்று தொப்பலாகத் திரும்பி வந்தார். வந்ததும் மறுபடி மாட்டுவண்டியிலிருந்து ஆரம்பித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"சார், கொஞ்ச நேரம் கம்முனு இரு சார்," என்றார் ஆட்டோக்காரர். சித்தப்பா நிறுத்தவில்லை.

ஒருவழியாக கூட்ஸ் வண்டி நகர்ந்து, கேட் திறந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். சித்தியை உள்ளே கொண்டுபோனதும் சித்தப்பா வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டு மாட்டுவண்டிக் கதையை ஆரம்பித்தார். இவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நான் எட்டிப்போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நர்ஸ் வெளியே வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க," என்றாள்.

சித்தப்பாவின் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் நீட்டிய டீயைக் குடிக்காமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மழையில் நனைந்த குளிர் என்று நினைத்தேன். எப்படியோ வாயை மூடினாரே என்று நிம்மதியாக இருந்தது.

சித்தி வெறுங்கையோடு வீடு திரும்பிய முதல் பிரசவத்தன்றும் அந்தக் கேட் மூடித்தான் இருந்தது என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.