எல்லோருக்கும் வந்த முறை

"காலேஜு போயி இன்னாத்த கத்துகினு வந்தே? ஒரு ஆஃபர்ல பொருள் வாங்கத் தெரில உனுக்கு" என்று அத்தை கேட்டாள்.

அத்தை, நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவின் அக்கா, அடுத்த வீட்டுக்காரி. தீபாவளிக்கு முந்திய வாரம் அது. நானும் நைனாவும் பொன்னேரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி, பழவேற்காட்டு ஏரிக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் படகிலிருந்து இறங்கியதைத் துறையில் நின்ற அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது எம்.ஏ. படிக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை நான் மறைத்ததுமில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு தைத்தது.

அந்த மாதம் முழுக்க எங்கள் கல்லூரிப் பேருந்தில் பேச்சே ஆஃபர்தான். பழவேற்காட்டில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோருடைய கைப்பேசியும் ஒன்றாகக் கூவத் தொடங்கும். துணிக்கடை, நகைக்கடை, செருப்புக்கடை, போன வருஷம் மின்விசிறி வாங்கிய கடை என்று ஒவ்வொன்றும் எங்களைப் பெயர் சொல்லி அழைக்கும். இன்றே கடைசி என்று நேற்றும் சொல்லியிருக்கும்.

"என்னைக் கட்டிக்கப் போறவன்கூட இத்தினி வாட்டி கூப்புடலடி, இந்தக் கடைக்காரன் பேஜார் பண்றான்" என்பாள் பக்கத்து இருக்கைத் தோழி.

"அவனையே கட்டிக்கோயேன். பாதி விலைக்குக் கெடைப்பான்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்வாள்.

சிரிப்போம். ஆனால் சிரித்துக்கொண்டே பார்ப்போம். சிவப்பு எழுத்தில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும்போது விரல் தானாக 'வாங்கு' பொத்தானுக்குப் போகும். தேவையே இல்லாத சுடிதாருக்காக நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் தோழி அந்த எண்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் படத்தையே பார்ப்பாள். எனக்கு அவசரத்தைவிட இன்னொன்று பிடித்திருந்தது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று எங்கள் வீட்டில் யாரையும் அதற்கு முன் எவரும் அழைத்ததில்லை. பொய் என்று தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை படிப்பேன்.

நைனாவின் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்தது அப்போதுதான். மின்விசிறி வாங்கிய கடைதான் அனுப்பியிருந்தது. படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். மடிக்கணினி பாதி விலை. உங்களுக்கு மட்டும். நாளை உங்கள் முறை. மாலை ஆறு மணிக்குள் வராவிட்டால் உங்கள் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"நமக்கு முறை வந்துகீதா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

அந்தச் சொல் எங்கள் ஊரில் சாதாரணச் சொல் இல்லை. ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் சிலதான் இருக்கின்றன. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் முறை போடுவார்கள். பாடு என்று அதற்குப் பெயர். ஒருவருடைய பாடு நாளில் இன்னொருவர் அங்கே கழி ஊன்ற மாட்டார். உரியவரே போகாவிட்டால் அடுத்த முறைக்காரர் போவார். விட்டது விட்டதுதான், மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"நைனா, இது அந்த மாதிரி முறை இல்ல. எல்லாருக்கும் அனுப்புவானுங்க" என்றேன்.

"எல்லாருக்கும் எப்படிம்மா ஒரே நாள்ல முறை வரும்? நீயே சொல்லு."

"வியாபாரத்துக்குச் சொல்றதுதான். அதுவும் நாளைக்கு முகத்துவாரத்துல உன் பாடு. போற வேலையப் பாரு."

அவர் கைப்பேசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆய்வுக் கட்டுரை முழுவதையும் கைப்பேசியில் விரல் நோக நான் தட்டி எழுதுவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மறுநாள் பொன்னேரியில் இருக்கும் கல்லூரிக்குப் போனேன். மழை தொடங்கி, கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரம் திறந்திருந்த நேரம். இறால் நன்றாக வந்துகொண்டிருந்தது. அந்த நாளில் அந்த இடம் கிடைத்தால் அந்த வருமானமே எங்கள் வீட்டை மழைக்காலம் முழுக்கத் தாங்கும்.

மதியம் வகுப்பு முடிந்ததும் அவரிடமிருந்து அழைப்பு.

"நான் பொன்னேரி வந்துட்டேன். கடை வாசல்ல நிக்கிறேன். வாம்மா."

"நைனா, பாடு?"

"வுட்டுக் குடுத்துட்டேன். நீ வா மொதல்ல."

ஓடினேன். கடை வாசலில் செண்டை மேளம், பலூன் வளைவு. ஒலிபெருக்கியில் ஒருவன் "இன்னும் கொஞ்ச நேரம்தான், இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று மூச்சு வாங்காமல் கத்திக்கொண்டிருந்தான். நைனா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கூட்டத்தில் முண்டவில்லை. தன் முறை உறுதியானது என்ற நம்பிக்கையில் ஓரமாக, அமைதியாக நின்றிருந்தார். அந்த நிற்பு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

உள்ளே போய்ச் செய்தியைக் காட்டினோம். விற்பனைப் பையன் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அது காலையிலயே முடிஞ்சிடுச்சு. இந்த மாடல் பாருங்க, இஎம்ஐ போட்டுக்கலாம்."

"எப்படி முடியும்? ஆறு மணி வரிக்கும் என் முறை" என்றார் நைனா. "எனுக்கு முன்னாடி யாரு?"

"இன்னா?"

"எனுக்கு முன்னாடி யாரு முறை, பின்னாடி யாரு முறை? அதச் சொல்லு தம்பி."

"ஐயா, அது எல்லாருக்கும் போற மெசேஜு" என்று அவன் சிரித்துவிட்டான். பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். அதே வரிகள். அவளுக்குப் பின்னால் நின்றவரிடமும் அதே வரிகள். சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "காலேஜுக்கு லீவு போட்டுட்டு வந்தேன்க்கா" என்றாள்.

மேற்பார்வையாளர் வந்தார். அந்த விலைக்கு எத்தனை மடிக்கணினி வைத்திருந்தீர்கள், எத்தனை பேருக்குச் செய்தி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். "வாங்கறதுன்னா வாங்குங்க, கூட்டத்த மறிக்காதீங்க" என்றார். அதற்குள் அந்தப் பையன் வேறொரு மடிக்கணினியைத் திறந்து என் முன் வைத்துவிட்டான். விசைகளின் மேல் என் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்ல வெட்கமில்லை. வாங்கினால் வந்த காரியம் வீணாகாது என்றும், வாங்காமல் போனால் எல்லோர் முன்னாலும் தோற்றுப்போவோம் என்றும் தோன்றியது. அந்தக் கடை எங்களிடம் விற்றது மடிக்கணினியை அல்ல, அந்தத் தோல்வி பயத்தைத்தான். மூடி வைத்துவிட்டு நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பழவேற்காட்டில் படகு ஏறினோம். மேற்கே வெளிச்சம் மிச்சமிருந்தது. முகத்துவாரப் பக்கம், அவருடைய இடத்தில், அடுத்த முறைக்காரரின் படகு நின்றது. வலை கட்டி முடித்திருந்தார்கள். நைனா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எடைல பொய் சொல்லுவாங்க, ரேட்ல பொய் சொல்லுவாங்க. நானும் சொல்லிகீறேன்" என்றார். "முறைன்னு சொல்லிட்டு யாராச்சும் பொய் சொல்லுவாங்களா?"

நான் படித்துக் காட்டியது சரியாகத்தான் இருந்தது. அவர் புரிந்துகொண்டதும் சரியாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த கடைக்காரன் மட்டும் அந்தச் சொல்லின் கனம் தெரியாமல், அல்லது நன்றாகத் தெரிந்தே, அதைப் பயன்படுத்திக்கொண்டான்.

மறுநாள் துறையில் அந்தப் படகு நல்ல இறாலோடு வந்தது. நைனா போய் வலை பிரிக்க உதவினார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

பேருந்தில் நடந்ததைச் சொன்னேன். எப்போதும் சிரிப்பவர்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் ஒன்று சொன்னாள். ஒருத்தி அவசரத்தில் அம்மாவுக்குச் சின்ன அளவில் ரவிக்கை வாங்கி, மாற்ற முடியாமல் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். இன்னொருத்திக்கு அந்தச் சத்தம் கேட்டாலே தலைவலி, ஆனால் நிறுத்தினால் எதையோ இழந்துவிடுவோமோ என்று பயம்.

"இன்னாடி பண்ண முடியும், பெரிய எடம்" என்றாள் என் தோழி.

"அழிக்காம வை" என்றேன். அவளுக்கும் அதே கடைச் செய்தி வந்திருந்தது.

இப்போது பொங்கல் ஆஃபர் தொடங்கிவிட்டது. அதே கடை, அதே வரிகள், நாள் மட்டும் வேறு. போன வாரம் விடிந்ததும் கிளம்பி நைனாவும் நானும் திருவள்ளூர் போனோம். அங்கே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நானே தமிழில் எழுதிய புகாரை, அந்தச் செய்திகளின் நகல்களோடு கொடுத்தோம். வழக்கறிஞர் வைத்திருக்கிறீர்களா என்று அலுவலர் கேட்டார். நானே பேசுகிறேன் என்று சொல்லி, நைனாவின் கைநாட்டுக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.