பதினாறு வீடுகளுக்குப் பதினோரு மாங்காய்

விஸ்வநாதன் சார் போய்விட்டார் என்ற செய்தி, நம் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில், புதுக் கட்டடத்தில் யாருக்கு எந்த மாடி என்ற சண்டைக்கு நடுவே வந்தது. நான்கு பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். ஐந்தாமவர் மறுபடியும் பார்க்கிங் பற்றிக் கேட்டார். மும்பை செம்பூரில் இருபத்திரண்டு வருஷம் நம்மோடு ஒரே படியில் ஏறி இறங்கியவருக்கு அவ்வளவுதான் மரியாதை. உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த மாங்காய் விவகாரத்தின்போது செக்ரட்டரி நான்தான்.

பம்ப் ரூமுக்குப் பின்னால் அவர் மாங்கொட்டையைப் புதைத்தபோது சிரித்தோம். அரிசி களைந்த தண்ணீரைத் தூக்கில் எடுத்துக்கொண்டு தினமும் மூன்று மாடி இறங்குவார். "ரிட்டயர் ஆனவனுக்கு என்ன அவசரம், காத்திண்டிருப்பேன்" என்பார். ஒன்பதாவது வருஷம் பதினோரு காய் காய்த்தது. மழைக்காலம் முடிந்ததும் கட்டடத்தை இடிப்பதாக முடிவாகியிருந்தது. ஆகவே அந்த மரத்தின் முதல் காய்ப்பே கடைசிக் காய்ப்பும்.

கொடிக்கயிறு மாற்றுவதற்கும் மீட்டிங் போடுகிறவர்கள் நாம். மாங்காய்க்கும் போட்டோம். பழுத்தால் சண்டை வரும், காயாகவே பறித்து ஊறுகாய் போட்டால் பதினாறு வீட்டுக்கும் சமமாகப் பங்கிடலாம் என்ற அபாரமான யோசனை என்னுடையது. கை தட்டினீர்கள். அவர் மட்டும் எழுந்து, ஒன்றை மரத்திலேயே பழுக்க விடுங்கள் என்று கேட்டார். அவருக்கு ஒன்று விட்டால் மற்ற வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் சட்டம் பேசினேன்.

"நீங்க செக்ரட்டரி, உங்களுக்கு நியாயம் வேணும். எனக்கு ஒரு மாம்பழம்தான் வேணும்" என்றார். குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் வாட்ச்மேன் பதினொன்றையும் துறட்டியால் இழுத்துப் போட்டான். கிளி கொத்தாமல் இருக்க ஒரு காயை அவர் பழைய வேட்டித் துணியால் கட்டி வைத்திருந்தார். அது துணியோடு விழுந்தது. ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நான் நீட்டிய ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் படியில் பார்த்தால் குட் மார்னிங் சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

நேற்று கோபர்கைரனேயில், கட்டடம் இடித்ததிலிருந்து அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் போனேன். அவருக்கு என் மேல் கோபம் இருந்ததா என்று அவர் வீட்டு மாமியிடம் கேட்டுத் தொலைத்தேன்.

"கோபமெல்லாம் இல்லை. பொண்ணு வருஷாவருஷம் ஹாபூஸ் மாம்பழம் பெட்டியோட கொண்டு வருவா. எங்களைச் சாப்பிடச் சொல்லிட்டு பால்கனிக்குப் போயிடுவார். கடைசி வரைக்கும் ஒரு துண்டு தொடலை" என்றார்.

இரங்கல் கூட்டம் போடலாமா என்று இன்று குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். நாம் கூட்டம் போட்டது போதும். அவர் நினைவாக என்னிடம் இருக்கப்போவது ஒரு பார்வை. அன்று கேட்டுவிட்டு, யாராவது ஒருவர் 'விட்டுடலாம்' என்று சொல்வாரா என்று நம் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாரே, அது. என் முகத்தைத்தான் கடைசியாகப் பார்த்தார்.