வெயிலில் காட்டிய மனை

என் மச்சானுக்குக் கைராசி என்று ஊரே சொல்கிறது. கைராசியாம்! என் மனைவியின் கூடப் பிறந்த தம்பி அவன். செல்போன் கடை வைத்தான், ஓடவில்லை. நேராக நான் செய்கிற மனைத் தரகுக்கே வந்து சேர்ந்தான். செஞ்சியில் வேறு தொழிலா இல்லை? இன்றைக்குத் திண்டிவனம் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் அவனுக்கு. எனக்கு டீக்கடை பெஞ்சு. சொல்லும்போதே வயிறு எரிகிறது.

தொழிலில் எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மனை பார்க்க வருகிறவர்களைக் கொளுத்துகிற மத்தியான வெயிலில்தான் அழைத்துப் போவேன். குறைகளை முதலில் சொல்லிவிடுவேன். வாங்கின பிறகு வந்து எவனும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. மச்சான் அப்படியில்லை. வெயில் தாழ்ந்து காற்று கிளம்பின பிறகுதான் காரையே எடுப்பான். கோட்டை மலைமேல் மஞ்சள் வெளிச்சம் விழுகிற நேரமாகப் பார்த்து, "தெனம் காபி குடிச்சிக்கினே இதப் பாக்கலாம் மேடம்" என்பான். அவ்வளவுதான், அங்கேயே அட்வான்ஸ்.

ஒரு சித்திரையில் சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்தார். நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க வாடகை வீடு. கையில் வந்த ஓய்வுப் பணத்தை வைத்து ஒரே ஒரு சொந்த வீடு கட்டிவிட வேண்டும், இந்தப் பக்கம்தான் அமைதியாக இருக்கிறது என்றார். யாரோ சொல்லி நேராக என்னைத் தேடிக்கொண்டு பெஞ்சுக்கே வந்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருஷம் முழுக்க மச்சானுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பேரம் படிந்துகொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் படியவில்லை. இந்த ஒரு அம்மாவையாவது அவனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

சிங்கவரம் போகிற வழியில் ஒரு மனை. சொந்தக்காரர் ஊரில் உள்ள எல்லாத் தரகர்களிடமும் சொல்லி வைத்திருந்தார், மச்சானிடமும்தான். குடையைக் கையில் கொடுத்து அந்த அம்மாவை அங்கே நிறுத்தினேன்.

"எதிர்ல பாறை இருக்குது பாருங்கம்மா. பகல் பூரா சூட்டக் குடிச்சிட்டு ராத்திரியில விடும். ஃபேன் போட்டாலும் அனல்தான் வரும். போர் தண்ணி உப்பு, பருப்பு வேகாது. மலையிலேர்ந்து கொரங்கு எறங்கும், துணி காயப் போட முடியாது. பஸ்ஸும் நெனச்ச நேரத்துக்கு வராது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லதுன்னு ஒண்ணுமே இல்லீங்களா?"

"பத்திரம் சுத்தமா இருக்குதும்மா."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். நான் நம்பிக்கையோடுதான் இருந்தேன். உண்மையைச் சொன்னவனை விட்டு எங்கே போய்விடுவார்?

போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே, "மாமா, அந்த சிங்கவரம் ரோட்டு மனைய முடிச்சிட்டேன். மெட்ராஸ் நர்ஸம்மா" என்றான். அதே மனை! அதே அம்மா! நான் தட்டைத் தள்ளி வைத்தேன். என் மனைவியோ நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் போன பிறகு அவளிடம் கத்தினேன். "இன்னாங்க டென்ஷன் ஆவறீங்க? அவன் சிரிச்சிப் பேசறான், வாங்கறாங்க. நீங்க எழவு வூட்டு சேதி சொல்றாப்ல சொல்றீங்க" என்றாள். கூடப் பிறந்த பாசம், வேறென்ன?

வீடு எழும்பியது. வேலை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போவேன். வரட்டும் கோடை என்று காத்திருந்தேன். அனலில் வெந்து, குரங்குக்குப் பயந்து, உப்புத் தண்ணீரில் டீ குடித்து, அந்த அம்மா மச்சானின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று கத்த வேண்டும். அதை நான் எதிர்க் கடையில் நின்று பார்க்க வேண்டும். இப்படியெல்லாம் நினைப்பது தப்பு என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? பொறுக்கவில்லை.

சித்திரைக்குப் பதிலாக வந்தது கிரகப்பிரவேசப் பத்திரிகை. எனக்கும் சேர்த்து. மனைவி விடவில்லை, இழுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் மச்சானை உட்கார வைத்து, வேட்டி துண்டு தட்டோடு கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். பட்டுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி பல்லைக் காட்டினான். நான் கண்ணை வேறு பக்கம் ஓட்டினேன். பாறைப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை, கெட்டியான சுவர். மாடியில் துணி காயப் போட கம்பி வலை அடித்த கூண்டு. கொல்லையில் மழைத் தண்ணீர் பிடிக்கப் பெரிய தொட்டி. வாசலில் ஸ்கூட்டர்.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "வாங்க, வாங்க! நீங்க அன்னைக்கு சொன்னத ஒண்ணு விடாம இஞ்சினியர்கிட்ட சொல்லித்தான் ப்ளானே போட்டோம். நீங்க இல்லன்னா மாட்டியிருப்போம்."

என்னால் அடக்க முடியவில்லை. "அப்புறம் ஏம்மா எங்கிட்ட வாங்கல?"

அவர் நிஜமாகவே திகைத்தார். "நீங்க விக்கிறதுக்கா கூட்டிட்டுப் போனீங்க? வேணாம்னு சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்! உங்க மச்சான் வந்துதான் வாங்குங்கன்னு சொன்னாரு."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் செருப்பைத் தேடப் போனேன். அந்த அம்மா விடவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் தம்பியும் இந்தப் பக்கம் மனை தேடறான். நீங்களே கூட்டிட்டுப் போய் கொறையெல்லாம் சொல்லிடுங்க, உங்கள மாதிரி யாருக்கும் வராது. அப்புறம் இவரு முடிச்சுக் குடுத்துடட்டும்."

மச்சான் புது வேட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தான். "தம்பி நம்பர் சொல்லுங்க மேடம். மாமா மத்தியானம் ஃப்ரீதான்."