ஆறாம் பாரம்

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது முதுகில் இருந்த வெயில் கழுத்துக்கு ஏறியிருந்தது. மாமல்லபுரத்துக் கால்வாய்த் துறையை விட்டு விடிவதற்கு முன்பே கிளம்பியிருந்தேன். செங்கல்பட்டுக்கு இன்னும் வந்த தூரம் அளவுக்கு நடக்க வேண்டும். தோளில் ஒரு துணி மூட்டை. அதில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு பென்சில் துண்டு. இடுப்பில் நான்காக மடித்துச் செருகிய ஒரு காகிதம். பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு என்னைக் கடந்து போனது. அதில் ஏறுவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. யோசித்துப் பயனில்லாதவற்றை யோசிக்காமல் விட்டுவிட அந்த வயதில் நன்றாகப் பழகியிருந்தேன்.

அதற்கு முந்தைய எட்டு மாதமும் சவுக்குக் கட்டை ஏற்றும் வேலை. கடலோரத் தோப்புகளில் வெட்டிய சவுக்கைத் தலையில் சுமந்து வந்து, கால்வாயில் நிற்கும் படகில் அடுக்க வேண்டும். படகு அதைச் சென்னைக்கு அடுப்பெரிக்கக் கொண்டுபோகும். ஒரு தலைச்சுமைக்குப் பாரம் என்று பெயர். காலையில் ஆறு பாரம் முடித்தவனுக்குத்தான் கஞ்சி. "ஆறு பாரம் முடிச்சிட்டியா?" என்று மேஸ்திரி கேட்பார். "முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குவளையை நீட்டலாம். அதற்கு முன் உப்பளத்தில் இருந்தேன். அதற்கும் முன் ரயில் பாதையில் ஜல்லி கொட்டினேன். எங்கும் ஒரு வருஷம் தங்கியதில்லை. யாரும் விரட்டவில்லை. எனக்குக் கால் நிற்காது, அவ்வளவுதான்.

போகிறேன் என்று முந்தின நாள் மாலை மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் படகைக் காட்டினார்.

"படகு வந்து நின்னுகினு கீது. நீ இன்னாடான்னா பள்ளிக்கூடம் போறேன்ற. இந்தத் தாடியோடவா?"

"சிரைச்சிகினு போறேன்."

"போனா போ. திரும்பி வந்து வேலை குடுன்னு மட்டும் கேக்காத."

நியாயமான பேச்சு. எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு பாறை. ஊருக்கு வடக்கே சவுக்குத் தோப்பின் நடுவில், பாதி மணலில் புதைந்து கிடந்தது. அதன் கிழக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, ஒன்பது எழுத்து, பழைய காலத்து எழுத்து. நான் ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அதற்கு மேல் கைக்குக் கிடைத்த காகிதத்தையெல்லாம் படித்துச் சேர்த்த படிப்புதான். அச்சில் வந்த எதையும் படித்துவிடுவேன். அந்த ஒன்பது எழுத்து மட்டும் பிடிபடவில்லை. மத்தியானம் அந்தப் பாறையின் நிழலில்தான் படுப்பேன். எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டே விரலால் தடவிச் சொல்லும் அளவுக்குத் தெரியும், அவற்றின் பெயர் மட்டும் தெரியாது.

சிற்பங்களைப் பார்க்கக் காரில் வருகிறவர்கள் சில சமயம் தோப்புக்குள்ளும் வந்துவிடுவார்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்வேன். புதுசாகக் கல்யாணமான ஜோடி என்றால், இங்கே சேர்ந்து வந்தவர்களுக்கு ஆயுசு நூறு. காலேஜ் பையன்கள் என்றால், இந்தப் பாறைமேல் ஏறுகிறவன் பரீட்சையில் தேற மாட்டான். அவர்களும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

மாசி மாதத்தில் ஒரு அம்மாள் தனியாக வந்தார். ஐம்பது வயது இருக்கும். அவரும் அதையே கேட்டார். தொலைந்துபோன மகன் திரும்பி வரவேண்டும் என்று ஒரு தாய் வெட்டிவைத்த வரி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. சொன்னதையே திரும்பச் சொல்ல அலுப்பாக இருந்திருக்கலாம். அவர் பாறைக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார். நான் நான்கு பாரம் சுமந்து இறக்கும் வரை எழுந்திருக்கவில்லை. போகும்போது அந்த வரியைக் கையால் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன் பிறகு அந்த நிழலில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. யார் கேட்டாலும் தெரியாது என்றே சொன்னேன். அந்த வரி உண்மையில் என்ன சொல்கிறது என்ற கேள்வி, பல்லிடுக்கில் மாட்டிய நாரைப் போல விடாமல் இருந்தது.

சித்திரையில் ஒரு நாள் வேர்க்கடலை சுற்றி வந்த காகிதத்தில் பதில் வந்தது. பல்கலைக்கழகம் கோடை விடுமுறையில் கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கக் கற்றுத்தரப் போகிறது. முப்பது நாள் வகுப்பு. இடம் செங்கல்பட்டில் ஒரு உயர்நிலைப் பள்ளி. பெயர் பதிய இன்னதுதான் கடைசி நாள். அதற்குக் கீழே கடலைக்காரர் கிழித்துவிட்டிருந்தார். யார் சேரலாம், யார் சேரக்கூடாது என்கிற பாகம் வேறு யாருடைய கடலையையோ சுற்றிப் போயிருக்கும். இருக்கிற பாகமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு ஏரிக்கரை ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. கருவாட்டு மூட்டைகள். ஓட்டியவர் சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் வியாபாரம் செய்யும் ஒரு பாய்.

"எங்க தம்பி, இப்டி வேகுவேகுன்னு?"

"செங்கல்பட்டுக்கு பாய்."

"கோர்ட்டா, ஆஸ்பத்திரியா?"

"ரெண்டும் இல்ல. படிக்கப் போறேன்."

அவர் மாட்டை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா படிப்பு?"

"கல்லுல கீற எழுத்து."

"காயிதத்துல கீறத எல்லாம் படிச்சி முடிச்சிட்டியா?"

"கொஞ்சம் பாக்கி கீது பாய்."

"சரி, ஏறு. கருவாடு நாறும். பேஜாரு பண்ணாத."

பள்ளிக்கூடத்தில் இறங்கியபோது பகல் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. இருபது பேர் வரிசையில் நின்றார்கள். முக்கால்வாசிப் பேர் குடையும் கைப்பையுமாக வந்த வாத்தியார்கள். நான் போய் நின்றதும் எனக்கு முன்னும் பின்னும் இரண்டடி இடம் தாராளமாக விட்டார்கள். பாய் சொன்னது சரிதான்.

ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். புளியமரத்தடியில் உட்கார்ந்து அதை நிரப்பினேன். பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் சுலபம். நிரந்தர விலாசம் என்ற இடத்தில் கால்வாய்த் துறை, மாமல்லபுரம் என்று எழுதினேன். அன்று காலையோடு அதுவும் இல்லை என்றாலும் வேறு எதை எழுதுவது? கல்வித் தகுதி என்று ஒரு கட்டம். உண்டு என்று எழுதினேன். தாளின் மேல் மூலையில் பாரம் 6 என்று போட்டிருந்தது. நமக்குத் தெரிந்த சொல்லாக இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம். காகிதத்தையும் இவர்கள் பாரக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேஜையில் இருந்த குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்காரர். வியர்வையைத் துடைக்கவே அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது. தலையைத் தூக்காமல் கேட்டார்.

"ஆறாம் பாரம் முடிச்சிட்டியா?"

தாளை ஒருமுறை பார்த்தேன். ஒரு கட்டமும் காலியாக இல்லை.

"முடிச்சிட்டேங்க" என்றேன். கால்வாய்த் துறையில் சொல்வதைப் போலவே வந்தது.

பெரிய நோட்டில் என் பெயரை எழுதி, ஒரு துண்டுச் சீட்டில் எண் போட்டுக் கொடுத்தார். "காலைல எட்டு மணிக்கு வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்தோட வந்துடு."

சீட்டை மூட்டைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, எனக்குப் பின்னால் நின்று பதிந்துவிட்டு வந்த ஒரு அம்மாவை அணுகினேன். வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. மதுராந்தகம் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் டீச்சர்.

"அம்மா, அவரு சொன்ன புஸ்தகம் எந்தக் கடைல கிடைக்கும்? கல்லெழுத்துப் பாடம்தானே அதுல இருக்கும்?"

"கடையிலயா?" அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அது வாங்குற புஸ்தகம் இல்லீங்க அண்ணே. ஆறாம் பாரம் முடிச்சா ஸ்கூல்ல குடுக்குறது. மார்க்கெல்லாம் அதுலதான் இருக்கும்."

"பாரம் முடிச்சிதானே குடுத்தேன்? ஒரு கட்டம் பாக்கி வைக்கல."

சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது. தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பெரிய பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குப் பாரம் என்றுதான் பேராம். முதல் பாரம், இரண்டாம் பாரம் என்று ஏறி, ஆறாவதில் பரீட்சை எழுதித் தேறவேண்டுமாம். நான் முடித்தது காகிதம். அவர்கள் கேட்டது ஆறு வருஷப் படிப்பு.

"எங்க வூட்ல ஆறாம் பாரம் முடிச்சது மொத மொதல்ல நான்தான்" என்றார் டீச்சர். இப்போது சிரிக்கவில்லை. "எங்கப்பா இன்னும் கூலிக்கு வரப்பு வெட்டத்தான் போறாரு. அந்தப் புஸ்தகத்த டிரங்குப் பொட்டில, கல்யாணப் பொடவைக்கு அடில வச்சிருக்கேன். நீங்க இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

சீட்டு என்னிடம் இருந்தது. பெயர் நோட்டில் இருந்தது. ஒரு நாளாவது உள்ளே உட்காரலாமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் காலையில் புத்தகம் கேட்டால் இருபது பேர் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். அதைவிட இப்போது ஒருவரிடம் சொல்லிவிடுவது மேல். நான் திரும்பிப் போனது அந்தக் கணக்கில்தான், வேறு பெருமை எதுவும் அதில் இல்லை. டீச்சரும் பின்னாலேயே வந்தார்.

நான் சொன்னதைக் குமாஸ்தா பேனாவை மூடாமல் கேட்டார். பிறகு கட்டிலிருந்து என் தாளைத் தேடி எடுத்து, முதல் முறையாகப் படித்தார்.

"தகுதி, உண்டு." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இன்னா தகுதிய்யா உண்டு?"

"இல்லன்னு எழுதினா சேத்துக்க மாட்டீங்களேங்க."

"உண்டுன்னு எழுதினா மட்டும் சேத்துக்குவனா?"

"சேத்துகினீங்களே."

பக்கத்தில் நின்ற இரண்டு வாத்தியார்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். குமாஸ்தா சிவப்பு மையைத் தொட்டு நோட்டில் என் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைத்து, நேராக, ஒரே கோடு. எட்டு மாத வேலையை விட்டுவிட்டு வந்ததற்கு அவ்வளவுதான் ஆயிற்று. எனக்குப் பசித்தது.

"வராந்தாவுல நின்னு கேட்டுக்கட்டுமாங்க?"

"கூடாது. ரூல் இல்ல."

டீச்சர் தொண்டையைச் செருமினார். "சார், மைப்படியப் புடிச்சிகினு நிக்க ஆள் இல்லன்னு பியூன்கிட்ட சொல்லிகினு இருந்தீங்களே."

கல்வெட்டின் மேல் ஈரத் தாளை ஒற்றி, மையைத் தட்டி எடுக்கும் நகலுக்குத்தான் மைப்படி என்று பெயர் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆள் உயரம் இருக்கும். அதை மாட்ட அந்த வகுப்பில் ஆணி இல்லை, அடிக்கத் தலைமையாசிரியர் அனுமதியும் இல்லை. பிடிக்க வேண்டியவன் மைத்துனன் கல்யாணத்துக்குப் போய்விட்டானாம்.

குமாஸ்தா இந்தத் தடவை என் தோளைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் கைய எறக்கக் கூடாது. வலிக்கும்யா."

"ஆறு பாரம் சுமக்கிறவனுங்க."

"மறுபடியும் பாரமா?" அவர் நோட்டை மூடினார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "இதுக்கு எஸ்.எஸ்.எல்.சி. வேணும்னு எங்கயும் எழுதல. முப்பது நாளைக்குத் தினக்கூலி. ஏழரைக்கு வந்துடு. அந்தக் கருவாட்டு வாசனையப் போக்கிகினு வா."

கொளவாய் ஏரியில் போய் ஊறிக் குளித்தேன். சட்டையை இரண்டு முறை மண் போட்டுக் கசக்கினேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு முன்பே போய் நின்றேன். எட்டு மணிக்குப் பேராசிரியர் வந்தார். உருளையாகச் சுற்றிய தாளைப் பிரித்து, மேல் விளிம்பை ஒரு மூங்கில் குச்சியில் செருகி என்னிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். வகுப்பு முழுவதும் தாளுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். முதல் பெஞ்சில் டீச்சரின் செருப்பு மட்டும் தாளின் கீழே தெரிந்தது.

எழுத்து என் கண்ணுக்கே படாதோ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். எதிர் ஜன்னல் வெளிச்சம் காப்பாற்றியது. கறுப்பு மைக்கு நடுவே மை படாத எழுத்துகள் வெளிச்சமாக என் பக்கம் தெரிந்தன, எல்லாம் இடம் வலமாகத் திரும்பி. பேராசிரியர் பிரம்பால் தாளைத் தட்டினார். பிரம்பின் நுனி சரியாக என் மூக்குக்கு எதிரே வந்து நின்றது.

"இது ம" என்றார்.

மனதுக்குள் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. என் பாறையில் நான்காவது எழுத்தும் எட்டாவது எழுத்தும் அதுதான். இன்னும் ஏழுதான் பாக்கி.

"கொஞ்சம் உசத்திப் புடிப்பா" என்றார் பேராசிரியர். உயர்த்திப் பிடித்தேன்.