தீவில் இல்லாத சின்ன வீடு

என் அக்கா புருஷனை எல்லோரும் 'ஏசி' என்றுதான் கூப்பிடுவார்கள். குளிர்சாதன மெக்கானிக். ஒரு கம்ப்ரஸரைத் திறந்து மூடினாலும் நாலு பேர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவரைத்தான் வரைபடத்திலேயே இல்லாத ஒரு தீவுக்கு வேலைக்கு எடுத்தார்கள். அங்கே குளோனிங் முறையில் டைனோசர்களை உருவாக்கி ரகசியமாக வளர்த்தார்கள். முட்டை வைக்கும் அறையில் சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. வெளியே மூச்சு விடக் கூடாது. வீட்டில் சொல்வதற்குக் கம்பெனியே ஒரு பொய்யையும் கொடுத்தனுப்பியது: மீன் பதப்படுத்தும் ஆலை. உலக அதிசயத்தின் பக்கத்தில் நின்றுவிட்டு மீன் ஆலை என்று சொல்லித் திரிவது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒரு விடுமுறைக்குக் கழுத்திலிருந்து தோள்வரை கீறலோடு வந்தார். துவைக்கச் சட்டையை வாங்கிய அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருங்க அவ?"

தகரம் கிழித்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தகரத்திடம் கிழிபட்டவனை யார் மதிப்பார்கள்? மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"விடு. ஆம்பளைன்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்வான்."

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இவர் தேடி வரவில்லை. சலூனில் உட்கார்ந்து, தீவில் தனக்கொரு சின்ன வீடு இருப்பதாக அளந்துகொண்டிருந்தார். அவளுக்குப் பச்சைக் கண் என்றுகூடச் சொன்னாராம்.

போன மாதம் தீவின் குட்டு உடைந்தது. டிவியில் ஓடிய பழைய கேமராப் பதிவில் எங்கள் ஏசியும் இருந்தார். முழங்கால் உயரக் குட்டி டைனோசர் ஒன்று கழுத்திலும் தோளிலும் நகம் பதித்துத் தொற்றியிருக்க, ஸ்பேனரை எறிந்துவிட்டு அலறிக்கொண்டு ஓடினார்.

மறுநாளே எங்கள் வாசலில் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தல்ல? பொம்பளையே கிடையாது. நான் சுத்தமானவன். கிளம்பு."

"அப்படி ஒருத்தி இருந்திருந்தா, தப்பு பண்ணிட்டேன்னு கால்ல விழுந்திருப்பீங்க," என்றாள் அக்கா. "நானும் நாலு நாள் திட்டிட்டு வந்திருப்பேன். இல்லாத ஒருத்திக்காக என்னை அழவிட்டு வேடிக்கை பார்த்தீங்களே!"

"கம்பெனி ரகசியம்டி..."

"காயம் பட்டா தகரம் கிழிச்சதுன்னு சொல்லச் சொல்லித்தான் அனுப்பினாங்களாமே? உங்ககூட வேலை செஞ்சவரே டிவில சொன்னாரு."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா. படிச்ச பொண்ணு."

அக்கா கதவைச் சாத்தினாள்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் குரல் கேட்டது. "சார், உங்களை டிவில பாத்தேனே!"

"அதுவா? பெரிய கதைங்க," என்று இவர் உடனே ஆரம்பித்துவிட்டார். "டிவில பாக்கத்தான் குட்டி மாதிரி தெரியும். நேர்ல ஆள் உயரம்."